நுவரெலியாக் குளிரில் டீசல் வான் ஸ்டார்ட் ஆகுதில்லை, பிளாக் ஹீட்டர் பூட்டலாமா?

வெள்ளவத்தை வான்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு பழைய டொல்பின் வான் இருக்கிறது, டீசல், வெள்ளவத்தையிலிருந்து ஹயர் ஓடுகிறேன். கொழும்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது, காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துவிடும். ஆனால் மார்கழி, தையில் நுவரெலியாவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இரவு அங்கே தங்க நேர்ந்தால் விடியற்காலையில் பெரும்பாடாகிவிடுகிறது. ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை புகையாக வரும், என்ஜின் பிடிக்காது. போன முறை சீதா எலியக் கோயிலுக்குக் காலைப் பூசைக்குப் போக வேண்டிய குடும்பம், வயதான அம்மா ஒருவரும் கைக்குழந்தையும் இருந்தார்கள், எல்லோரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வானுக்குப் பக்கத்தில் நிற்க, ஹோட்டல் பொடியன்கள் பள்ளத்தில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தோம். பூசை முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். நம்பி வந்தவர்களை இப்படி நிற்க வைப்பது எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

என் தம்பி கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிறான். அவன் சொல்கிறான், அங்கே எல்லா வாகனத்திலும் பிளாக் ஹீட்டர் என்று ஒன்று இருக்குமாம், இரவில் கரண்ட்டில் சொருகிவிட்டால் காலையில் என்ஜின் சூடாக இருக்குமாம். வருகிற விடுமுறையில் வரும்போது ஒன்று வாங்கி வரட்டா என்று கேட்கிறான். இதை நம்முடைய வானுக்குப் பூட்ட முடியுமா? நுவரெலியாவில் ஹோட்டல்காரரிடம் கேட்டு ஒரு வயரை இழுத்துக்கொள்ளலாம், அது பிரச்சினையில்லை. இங்கே ஒரு கராஜில் கேட்டேன், என்ஜினை இறக்க வேண்டும் என்று பெரிய செலவு சொன்னார்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன். தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ரவுண்ட்:

இதற்குப் போய் ஏன் அண்ணா கனடாவிலிருந்து சாமான்? ஸ்டார்ட்டிங் ஸ்பிரே டின் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் போகிற குழாயில் ஒரு அடி அடித்தால் உடனே பிடிக்கும். லொறிக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பஞ்சிகாவத்தைக் கராஜ்:

முதலில் அந்த ஸ்பிரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது இதைப் படித்துவிட்டு இன்றைக்கே செய்து பார்த்துவிடக் கூடாது. டொல்பின் என்ஜினில் ஹீட்டர் பிளக் இருக்கிறது, குளிர்ந்த என்ஜினில் டீசல் பற்ற உதவும் சின்னச் சூட்டுக் கம்பி அது. சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்திய கட்டத்துக்குத் திருப்பியதும் அது உள்ளே செக்கச் செவேலென்று பழுக்கும். அந்த ஸ்பிரேயில் இருப்பது ஈதர், மிகக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும். பழுத்த பிளக்கில் பட்டால் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடிக்கும், பிஸ்டன் உடையலாம், பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொன்ரொட் வளையலாம், காற்றுக் குழாய் வழியாக நெருப்பு வெளியே வந்து முகத்திலும் அடிக்கலாம். ஹீட்டர் பிளக் உள்ள டீசல் வாகனத்துக்கு ஸ்பிரே அடிக்கவே வேண்டாம்.

சரி, இனி வான் கதைக்கு வருவோம். அண்ணா, பிளாக் ஹீட்டர் நல்ல சாமான், ஆனால் அது உங்கள் வருத்தத்துக்கு மருந்து இல்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம், அதாவது கொழும்பில் நன்றாகப் பிடிக்கிறது, நுவரெலியாவில் சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லை, வெள்ளைப் புகை, தள்ளினால் பிடிக்கிறது, இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹீட்டர் பிளக்கைத்தான். நான்கு சிலிண்டருக்கு நான்கு பிளக். அதில் ஒன்றிரண்டு செத்திருந்தாலும் கொழும்பில் உங்களுக்குத் தெரியவே தெரியாது, இங்கே விடியற்காலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றை அழுத்தும் சூடே டீசலைப் பற்றவைக்கப் போதுமாக இருக்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். தை மாதத்தில் சில நாட்களில் புல்லில் உறைபனி படிகிற அளவுக்குக் குளிர் வரும். அதோடு அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். என்ஜின் இழுக்கும் காற்றும் குறைவு, அந்தக் காற்றும் குளிர், பிளாக்கும் குளிர். இந்த மாதிரிப் பழைய டீசலில் டீசல் நேராக சிலிண்டருக்குள் போவதில்லை, ஹெட்டில் இருக்கிற சிறிய அறைக்குள் போய் அங்கேதான் முதலில் எரிய ஆரம்பிக்கும். அந்த அறையின் சுவர் குளிராக இருந்தால் அழுத்திய காற்றின் சூட்டை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் இந்த என்ஜின்களுக்கு ஹீட்டர் பிளக் இல்லாமல் சரிவராது. வெள்ளைப் புகை என்பது வேறொன்றும் இல்லை, எரியாத டீசல் ஆவியாகி வெளியே போகிறது.

பார்ப்பது சுலபம். நான்கு பிளக்கின் தலையையும் இணைத்து ஒரு தகடு போகும், சின்ன நட்டுகள் போட்டிருக்கும். முதலில் அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் ஓம் (மின்தடை) பார்க்கும் மீட்டரை வைத்தால் நான்கும் சேர்ந்த கணக்கு வரும், எது செத்தது என்று தெரியாது. பலர் இந்த இடத்தில்தான் தவறி, எல்லாம் நல்லாயிருக்கு என்று மூடிவிடுகிறார்கள். கழற்றிய பிறகு ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் என்ஜின் உடம்புக்கும் இடையில் ஓம் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். செத்தது ஒன்றுமே காட்டாது, வயர் அறுந்தது போல இருக்கும். மாற்றும்போது என்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றச் சொல்லுங்கள், குளிர்ந்த ஹெட்டில் பலமாகத் திருப்பினால் பிளக் உள்ளேயே முறியும், பிறகு ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். புதிய பிளக்கை பற்றரியில் நேராகத் தொட்டு எரிகிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, எல்லாப் பிளக்கும் 12 வோல்ட்டுக்குச் செய்தது இல்லை, சிலது நொடியில் கருகிவிடும். அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள்.

நான்கும் நன்றாக இருந்தால் அந்தத் தகட்டுக்கு கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். டாஷ்போட்டில் ஹீட்டர் பிளக்குக்கான சுருள் விளக்கு எரிந்து அணைந்தால் மட்டும் போதாது, பிளக்குக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலே போயிருந்தாலும் விளக்கு எரியும்.

இப்போது நீங்கள் கேட்ட பிளாக் ஹீட்டருக்கு வருகிறேன். என்ஜின் பிளாக்கின் பக்கத்தில் வட்டமான தகட்டு மூடிகள் இருக்கும், அதில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த ஓட்டைக்குள் ஹீட்டரை வைப்பார்கள், என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட்டுக்குள் அதன் கம்பி மூழ்கி நிற்கும். அளவு சரியாக இருந்து, அந்த மூடி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் என்ஜினை இறக்கத் தேவையில்லை. ஆனால் டொல்பினில் என்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் எட்டுவது சிரமம், அந்தக் கராஜ்காரர் சொன்னதில் முழுக்கப் பிழை இல்லை. அதைவிட முக்கியம் கரண்ட். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. 750 வோட் என்று எழுதிய கனடா ஹீட்டரை நம் பிளக்கில் சொருகினால் அது இழுப்பது 750 இல்லை, 2700 வோட்டுக்கு மேல். வோல்ட் இரண்டு மடங்குக்குக் கிட்டப் போனால் சூடு நான்கு மடங்குக்குக் கிட்டப் போகும். கம்பி எரிந்துபோகும், வயரும் உருகலாம், ஹோட்டல்காரரின் சுவரில் நெருப்புப் பிடித்தால் யார் பதில் சொல்வது? தயவுசெய்து தம்பியிடம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், றேடியேட்டரில் கூலண்ட் இருக்கிறதா, வெறும் தண்ணீரா? கொழும்பில் பாதிப் பேர் பைப் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள். எதற்கும் கூலண்ட் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே துரு பிடிக்காமல் இருக்கும். ஓயில் 20டபிள்யூ-50 என்ற தடித்த வகை போடுகிறீர்கள் என்றால், மலைக்கு அடிக்கடி போகிறவருக்கு 15டபிள்யூ-40 நல்லது, குளிரில் ஸ்டார்ட்டர் கொஞ்சம் லேசாகச் சுற்றும்.

கந்தப்பளை மரக்கறி லொறி:

அண்ணே, நான் கந்தப்பளையிலிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிறவன். கராஜ் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நம்ம பக்கம் எத்தனையோ பழைய டீசல் லொறி நடுச்சாமத்தில் ஸ்டார்ட் ஆகுது, ஒருத்தர் கிட்டயும் கரண்ட் ஹீட்டர் கிடையாது.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே வானை எப்படி நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். நுவரெலியாவில் சமதரையான பார்க்கிங் கிடைப்பது கஷ்டம், பெரும்பாலும் மேட்டில்தான் நிற்கும். முன்பக்கம் மேலே பார்க்க நின்றால், டீசல் லைனில் எங்காவது ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் இரவெல்லாம் டீசல் மெதுவாகப் பின்னால் டாங்கிக்கு இறங்கிவிடும், லைனில் காற்று நின்றுவிடும். கொழும்பில் சமதரையில் நிறுத்துகிறதால் இது தெரியாது. காலையில் சாவியைத் தொடும் முன் டீசல் பில்டருக்கு மேலே இருக்கிற கைப் பம்பை அழுத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பரவாயில்லை. சொதசொதவென்று இறங்கினால் காற்று புகுந்திருக்கிறது. இறுக்கமாகும் வரை அழுத்திவிட்டு, ஹீட்டர் விளக்கு அணைந்ததும் ஓஃப் பண்ணி மறுபடி ஒரு தடவை எரியவிட்டு, அப்புறம் அடியுங்கள். ஸ்டார்ட்டரை நீட்டி அடிக்கவும் வேண்டாம் அண்ணே, கொஞ்சம் அடித்துவிட்டுக் கொஞ்சம் விடுங்கள், இல்லாவிட்டால் பற்றரியும் போய்விடும், மலையில் அந்த நேரத்தில் பற்றரிக்கு எங்கே போவது. நிறுத்தும்போதே மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் நல்லது.

வின்னிபெக்கிலிருந்து:

நான் பம்பலப்பிட்டியில் வளர்ந்தவன், இப்போது வின்னிபெக்கில், தம்பி இருக்கும் அதே ஊர்தான். பிளாக் ஹீட்டர் எப்படிப்பட்ட குளிருக்கு உண்டான சாமான் என்று சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

இங்கே தை மாத இரவில் மைனஸ் 20 சாதாரணம், மைனஸ் 30க்கும் கீழே போகும் நாட்கள் ஒவ்வொரு வருடமும் வரும். அந்தக் குளிரில் என்ஜின் ஓயில் கித்துள் பாணி போலத் தடித்துவிடும், ஸ்டார்ட்டர் அதைக் கிழித்துக்கொண்டு என்ஜினைச் சுற்ற வேண்டும். அதே நேரம் பற்றரியின் பலம் மைனஸ் 18லேயே பாதி அளவுக்கு இறங்கிவிடும். பெற்றோல் சரியாக ஆவியாகாது. டீசல் என்றால் அதில் இருக்கும் மெழுகு கட்டியாகி பில்டரை அடைத்துவிடும், அதனால் குளிர்காலத்துக்கென்று தனி டீசல் விற்கிறார்கள். உங்கள் நுவரெலியாவில் இதில் எதுவுமே நடக்காது. அங்கே குளிர் என்பது மனிதருக்குக் குளிர், நல்ல நிலையில் இருக்கும் என்ஜினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இங்கே வாகனங்களின் முன் கிரில்லிலிருந்து ஒரு பிளக் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் முறை வருகிறவர்கள் எல்லாக் காரும் மின்சாரக் காரா என்று கேட்பார்கள். வேலை இடங்களிலும் அடுக்குமாடிகளிலும் பார்க்கிங்கில் ஒவ்வொரு காருக்கும் முன்னால் ஒரு கட்டைத் தூணில் பிளக் பொயின்ட் இருக்கும். இந்த ஹீட்டரில் ஹெட்போல்ட் வகைக்குப் பேடன்ட் எடுத்தவர் அன்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், எல்லைக்கு அந்தப் பக்கம் வட டகோட்டாவில் கிராண்ட் ஃபோக்ஸ் ஊர்க்காரர், 1949இல். அவர் செய்தது சிலிண்டர் ஹெட்டைப் பூட்டும் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் உள்ளே துளை போட்டு ஹீட்டர் வைத்த போல்ட்டைப் பூட்டுவது. இந்தச் சமவெளியில் பிறந்த சாமான், இந்தச் சமவெளிக்கு உண்டான சாமான்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். இரவு முழுக்கச் சொருகி வைக்கத் தேவையில்லை. காருக்கு 400இலிருந்து 1000 வோட் வரை ஹீட்டர் வரும், புறப்படுவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு கரண்ட் வந்தால் போதும், அதிக குளிர் என்றால் நான்கு. அதற்கு மேல் பிளாக் சூடாகாது, கரண்ட் பில்தான் சூடாகும். வெளியில் போடும் டைமர் ஒன்று வாங்கி வைத்தால் விடியற்காலை தானாகவே போட்டுக்கொள்ளும். பொதுவாக மைனஸ் 15க்குக் கீழே போகும் இரவுகளில் சொருகினால் போதும்.

வெள்ளவத்தை வான்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கராஜ் அண்ணா சொன்னபடி தகட்டைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தோம். இரண்டு பிளக் செத்துக் கிடந்தது, மூன்றாவதும் சரியில்லை. நான்கையும் மாற்றிவிட்டேன், என்ஜின் சூட்டோடு கழற்றினோம், ஒன்றும் முறியவில்லை. கைப் பம்ப் கொழும்பில் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கந்தப்பளைத் தம்பி சொன்னதை மனதில் வைத்து, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் சரிவில் மூக்கை மேலே வைத்து ஓர் இரவு நிறுத்திப் பார்த்தேன். காலையில் பம்ப் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. பில்டருக்கு வரும் ரப்பர் குழாயில் கிளிப் கடித்த இடத்தில் வெடிப்பு, வெளியே டீசல் ஈரம்கூட இல்லை, விரலால் வளைத்தபோதுதான் தெரிந்தது. அதையும் மாற்றியாயிற்று. பிறகு நுவரெலியாவில் தங்கி வந்தேன், விடியற்காலையில் இரண்டு தடவை விளக்கு எரியவிட்டு அடித்தேன், உடனே பிடித்துவிட்டது, புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. கூட வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

ஹீட்டர் கொண்டுவர வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். 120 வோல்ட் கதையைக் கேட்டு அவனே பயந்துவிட்டான். இப்போது அவனுக்கு ஒரு கேள்வி. அவன் வாங்கியிருக்கும் பழைய காரில் அந்தப் பிளக் தொங்குகிறது, ஆனால் சொருகினாலும் சொருகாவிட்டாலும் காலையில் ஒரே மாதிரித்தான் இருக்கிறதாம். வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? அந்தக் குளிரில் அவன் தனியாக ரோட்டில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் இங்கே அம்மாவின் கவலை.

வின்னிபெக்கிலிருந்து:

நல்ல செய்தி, சந்தோஷம். தம்பி விஷயம் சுலபம். சொருகிய கொஞ்ச நேரத்தில் பொனட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தால் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வரும் மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் தூணில் கரண்ட் வருகிறதா என்று வேறு எதையாவது சொருகிப் பார்க்கச் சொல்லுங்கள். சில பார்க்கிங்கில் கரண்ட்டை விட்டு விட்டுத்தான் தருவார்கள், அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, கார் பக்கம் இருக்கும் பிளக்கின் இரண்டு தட்டைக் கம்பிக்கும் இடையில் ஓம் பார்க்கச் சொல்லுங்கள். 400 வோட் ஹீட்டர் என்றால் 36 ஓம் கிட்டக் காட்டும், 750 வோட் என்றால் 19 ஓம் கிட்ட. ஒன்றும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது வயர் ஹீட்டரோடு சேரும் இடத்தில் கழன்றிருக்கிறது. ரோட்டில் கொட்டும் உப்பு அந்த இணைப்பைத்தான் முதலில் அரிக்கும், பல நேரம் வயரை மட்டும் மாற்றினால் போதும். தட்டைக் கம்பிக்கும் உருண்டையான எர்த் கம்பிக்கும் இடையில் ஏதாவது காட்டினால் அந்த ஹீட்டரைத் தொடவே வேண்டாம், கரண்ட் உடம்புக்கு வரும், மாற்றத்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் வெளியில் பாவிக்கிற தடித்த மூன்று கம்பி வயராக இருக்கட்டும், வீட்டுக்குள் லாம்புக்குப் போடும் மெல்லிய வயர் சூடாகி உருகும்.

அதோடு கூலண்ட் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்து, ஹீட்டர் இருக்கும் இடத்தில் காற்று நின்றால் கம்பி எரிந்துபோகும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் மைனஸ் 37 வரை தாங்கும், பழைய கார் என்றால் யார் தண்ணீர் ஊற்றினார்களோ தெரியாது, சோதிக்கிற சின்னக் கருவி எந்த வாகனச் சாமான் கடையிலும் கிடைக்கும். பற்றரி பழையது என்றால் குளிர் முற்றும் முன் மாற்றிவிடட்டும். வயரைக் கழற்றாமல் காரை எடுத்துப் பிளக்கைப் பிய்த்துக்கொண்டு போகிறவர்கள் இங்கே நிறையப் பேர், அதனால் நான் வயரை ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் சொருகுவேன், கதவைத் திறக்கும்போது கண்ணில் படும். கையில் மீட்டர் இல்லாவிட்டால் எனக்கு இங்கே தனிச் செய்தி போடச் சொல்லுங்கள், சனிக்கிழமை நானே கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.